படப்போட்டி ஓட்டெடுப்பில் ஒரே இரவில் விழுந்த 74 கள்ள ஓட்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இணையத்திலேயே தொடங்கி இணையத்திலேயே வளர்ந்த ஒரு புகைப்படக் குழு. உறுப்பினர் பட்டியலில் சுமார் 1,800 பேர். அதில் கால்வாசிப் பேர்தான் படம் போடுவார்கள், பேசுவார்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். வருடக் கடைசியில் 40 படங்களை நடுவர்கள் பொறுக்கித் தருவார்கள், அதிலிருந்து 12 படங்களை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த 12 படங்களும் அடுத்த வருடத்து நாட்காட்டியில் அச்சாகும். பரிசுப் பணம் கிடையாது. படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் வரும், அவ்வளவுதான். ஆனால் பணம் இல்லை என்பதற்காகப் போட்டி லேசாக இருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். பல வருடம் படம் எடுத்தும் ஒருமுறைகூடப் பெயர் அச்சில் வராத ஆட்கள் குழுவில் நிறைய இருக்கிறார்கள்.

ஓட்டெடுப்பை நடத்தியது மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழு. நான் அதில் ஒருவன். முறை பழையதுதான், முந்தைய வருடங்களில் எப்படி நடந்ததோ அப்படியே: ஒரு கூகுள் ஃபார்ம், பெயர் எழுத ஒரு கட்டம், மின்னஞ்சல் எழுத ஒரு கட்டம், 40 படங்களில் மூன்று வரை தேர்வு செய்யலாம். பத்து நாள் அவகாசம். ஓட்டுப் போட்டதும் அதுவரையான எண்ணிக்கை வரைபடமாகத் தெரியும். முந்தைய வருடங்களில் 300க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஓட்டு விழும், யாரும் எதையும் சந்தேகப்பட்டதில்லை.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும், பின்னால் நடந்ததெல்லாம் இவற்றிலிருந்துதான் வந்தது. முதலாவது, மின்னஞ்சலை ஓட்டுப் போடுகிறவரே தட்டச்சு செய்கிறார், அது அவருடையதுதானா என்று எதுவும் சரிபார்ப்பதில்லை. இரண்டாவது, எண்ணிக்கை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. மூன்றாவது, அறிவிப்பில் 'எல்லோரும் ஓட்டுப் போடலாம், நண்பர்களுக்கும் அனுப்புங்கள்' என்று ஒரு வரி இருந்தது. குழுவுக்குப் புது ஆட்கள் வரட்டும் என்ற நல்லெண்ணத்தில் எப்போதோ சேர்த்த வரி, வருடா வருடம் நகலெடுத்து ஒட்டப்பட்டு வந்திருந்தது.

என்ன நடந்தது

முதல் மூன்று நாள் வழக்கம்போல் போனது. ஒரு பழைய படிக்கட்டின் படம் முன்னணியில் இருந்தது. நான்காம் நாள் மதியத்திலிருந்து ஒரு நாரைப் படத்துக்கு ஓட்டுகள் வேகமாக ஏறின. ஐந்தாம் நாள் மாலைக்குள் அது சுமார் 130ஐத் தொட்டது; படிக்கட்டுப் படம் 70க்குக் கீழேயே நின்றது. அன்று இரவு தூங்கி எழுந்து பார்த்தால் படிக்கட்டுப் படம் 140ஐத் தாண்டி நாரையை முந்தியிருந்தது.

காலையில் ஒரு உறுப்பினர் எண்ணிக்கையைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். 'ராத்திரி எல்லாரும் தூங்குறப்ப இவருக்கு மட்டும் ஓட்டு எங்கிருந்து வந்துச்சு?' என்று கீழே ஒரு வரி. மதியத்துக்குள் படிக்கட்டுப் படம் எடுத்தவரைப் பெயர் சொல்லியே திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நாரைப் படத்துக்கு முந்தின நாளே ஏறியதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பகலில் ஏறுவது இயல்பாகத் தெரியும்போல.

ஏழாம் நாள் ஓட்டெடுப்பை நிறுத்தி வைத்தோம். அப்போது ஃபார்மில் வந்த பதில்கள் வரிசையாகச் சேரும் ஷீட்டில் 540 ஓட்டுகள் இருந்தன.

ஷீட்டில் தெரிந்தது

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கூகுள் ஃபார்ம் ஓட்டுப் போட்டவரின் ஐபி முகவரியை (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை) நடத்துகிறவருக்குக் காட்டாது. கையில் இருந்தது நேரம், பெயர், அவர்கள் எழுதிய மின்னஞ்சல், தேர்வு செய்த படங்கள், இவ்வளவுதான். 'ஐபியைப் பாருங்க, குட்டு வெளிப்பட்டுவிடும்' என்று குழுவில் பலர் சொன்னார்கள். கிடைத்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. ஒரு வீட்டில், ஒரு அலுவலகத்தில், ஒரு விடுதியில் இருக்கும் எல்லோரும் வெளியே ஒரே ஐபியில்தான் தெரிவார்கள். கைப்பேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான வாடிக்கையாளர்களை வைத்திருப்பது சர்வசாதாரணம், 2012இல் அதற்கென்றே தனியாக ஒரு முகவரித் தொகுதியை ஒதுக்கிக் கொடுத்தார்கள். மறுபக்கம், ஒரே ஆள் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலே வேறு ஐபி. ஆக ஐபியை நம்பிக் கழித்தால் அப்பாவிகள்தான் முதலில் போவார்கள்.

நேரத்தை வைத்து வரிசைப்படுத்தியதும் அந்த இரவு தனியாகத் தெரிந்தது. 11:40க்குத் தொடங்கி 12:35க்கு முடிகிறது, நடுவில் பெரிய இடைவெளியே இல்லை. அந்த 55 நிமிடத்தில் படிக்கட்டுப் படத்துக்கு 74 ஓட்டுகள், கிட்டத்தட்ட 45 விநாடிக்கு ஒன்று. சில நேரம் 35, சில நேரம் 50. ஒரு நிரல் எழுதி ஓட்டுப் போட்டால் இத்தனை மெதுவாகப் போடாது, இப்படி ஏற்ற இறக்கமும் இருக்காது (இருக்கிற மாதிரி எழுதலாம், ஆனால் அவ்வளவு மெனக்கெடுகிறவர் ஒரே இரவில் எல்லாவற்றையும் கொட்டியிருக்க மாட்டார்). யாரோ உட்கார்ந்து கையால் தட்டியிருக்கிறார். நாரையை முந்தியதும் நிறுத்திவிட்டார்.

அடுத்தது மின்னஞ்சல். முதல் பார்வையில் எல்லாம் வேறு வேறு முகவரிகள். எங்களில் ஒருவர்தான் ஜிமெயில் முகவரிகளில் இருக்கும் புள்ளிகளை எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்றார். ஜிமெயிலில் பெயருக்கு நடுவில் எங்கே புள்ளி வைத்தாலும், வைக்காவிட்டாலும் அஞ்சல் ஒரே பெட்டிக்குத்தான் போகும். எட்டு எழுத்துப் பெயர் என்றால் நடுவில் ஏழு இடம். ஒவ்வொரு இடத்திலும் புள்ளி வைக்கலாம், வைக்காமலும் விடலாம். மொத்தம் 128 விதமாக அதே முகவரியை எழுதலாம். ஃபார்முக்கு அவை 128 ஆட்கள். ஷீட்டில் ஒரு நெடுவரிசை சேர்த்து, ஜிமெயில் முகவரிகளில் மட்டும் @ குறிக்கு முன்னால் உள்ள புள்ளிகளை அழித்து, கூட்டல் குறிக்குப் பின்னால் வருவதையும் வெட்டினோம் (அதையும் ஜிமெயில் கணக்கில் எடுக்காது). அந்த 74 முகவரிகளும் ஒரே எட்டு எழுத்துப் பெயராகச் சுருங்கிவிட்டன.

இதை மற்றவர்கள் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. புள்ளி கணக்கில் வராது என்பது சாதாரண ஜிமெயில் கணக்குகளுக்குத்தான். அலுவலகமோ கல்லூரியோ தன் சொந்த முகவரியில் கூகுள் அஞ்சலைப் பயன்படுத்தினால் அங்கே புள்ளி கணக்கில் வரும். வேறு பல அஞ்சல் சேவைகளிலும் புள்ளி உள்ளதும் இல்லாததும் இரண்டு வேறு ஆட்களாக இருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு எல்லா முகவரியிலும் புள்ளியை அழித்தால் இல்லாத திருடனை நாமே உருவாக்கிவிடுவோம்.

பெயர்களும் சாட்சி சொல்லின. 74 பெயர்களும் வேறு வேறு. ஆனால் எல்லாவற்றிலும் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருந்தது, இனிஷியலுக்கும் அதன் புள்ளிக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருந்தது. ஷீட்டில் வேறு எங்கேயும் அப்படி யாரும் எழுதவில்லை. மூன்று தேர்வுகளிலும் ஒரு கணக்கு இருந்தது: முதலில் படிக்கட்டு, மற்ற இரண்டுக்கும் யாருமே சீண்டாத, பட்டியலின் அடியில் கிடந்த அதே இரண்டு படங்கள். மூன்றையும் நிரப்பினால் இயல்பாகத் தெரியும், போட்டியில் இருக்கிற படங்களுக்கும் உதவி போகாது. யோசித்துத்தான் செய்திருக்கிறார்.

அப்புறம்தான் நாரைப் படத்துக்கு வந்தோம். அதன் ஓட்டுகளில் சுமார் 170 உறுப்பினர் பட்டியலில் இல்லாதவர்களுடையவை. ஆனால் இங்கே தில்லுமுல்லு எதுவும் தெரியவில்லை. முகவரிகள் பல சேவைகளில் இருந்தன, நிறைய ஒரே அலுவலகத்து முகவரிகள், ஓட்டுகள் பகலில் விழுந்திருந்தன, மதிய இடைவேளையில் அதிகம். முக்கால்வாசிப் பேர் நாரையை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு மற்ற இரண்டு இடத்தையும் காலியாக விட்டிருந்தார்கள். எல்லோரும் நிஜ ஆட்கள், ஆளுக்கு ஒரு ஓட்டு. படம் எடுத்தவரிடம் கேட்டதும் மறைக்காமல் சொன்னார், ஆபீஸ் குரூப்பிலும் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் லிங்க்கைப் போட்டேன் என்று. கூடவே இதையும் சொன்னார்: 'நான் ஒண்ணும் தப்பு பண்ணலையே சார். எல்லாரும் போடலாம், நண்பர்களுக்கு அனுப்புங்கன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?'

அவர் சொன்னது நியாயம். ஆனால் அந்த 170 பேரில் பலர் மற்ற 39 படங்களைப் பார்த்தே இருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

நேர வரிசையை இன்னொரு முறை பார்த்தால் இரண்டும் தனித்தனிச் சம்பவங்களாக இல்லை. வெளியாட்கள் வந்தார்கள், நாரை முந்தியது, அது எல்லோருக்கும் தெரிந்தது, அன்றிரவே கள்ள ஓட்டு விழுந்தது. எண்ணிக்கையைக் காட்டாமல் வைத்திருந்தால் எத்தனை ஓட்டுத் தேவை என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்காது, எப்போது நிறுத்துவது என்றும் தெரிந்திருக்காது. என்னைக் கேட்டால் இந்த விவகாரத்தில் புள்ளி வைத்த முகவரிகளைவிட அந்த வரைபடம்தான் பெரிய ஓட்டை.

முடிவுகளும் காரணங்களும்

நாங்கள் மூன்று பேரும் இரண்டு மாலை பேசினோம். கொஞ்சம் சூடாகவே.

முதல் யோசனை, 74ஐக் கழித்துவிட்டு ஓட்டெடுப்பைத் தொடர்வது. எளிது, ஆதாரமும் இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால் 170 வெளியாட்களின் ஓட்டு நிற்கும், நாரை முதலிடம், குழுவில் பாதிப் பேர் அதை ஏற்க மாட்டார்கள். இரண்டாவது யோசனை, இரண்டையும் கழிப்பது. இதை நான் எதிர்த்தேன். அறிவிப்பில் அனுமதித்த ஒன்றை, எண்ணிக்கையைப் பார்த்த பிறகு செல்லாது என்று சொன்னால் வெற்றியாளரைத் தீர்மானிப்பது நாங்கள் மூன்று பேர், உறுப்பினர்கள் இல்லை. முடிவைப் பார்த்துக்கொண்டே விதி எழுதுகிறவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்த விதிக்கு மரியாதை இருக்காது. மூன்றாவது யோசனை, ஓட்டே வேண்டாம், நடுவர்களே 12ஐயும் தேர்ந்தெடுக்கட்டும் என்பது. 40ஐ எடுத்ததும் அவர்கள்தான், 12ஐயும் அவர்களே எடுத்தால் உறுப்பினர்களுக்கு என்ன வேலை?

பேச்சில் பழைய கதைகள் சில வந்தன, அவை உதவின. 1999இல் ஒரு தொழில்நுட்பத் தளம் கணினி அறிவியலுக்குச் சிறந்த பல்கலைக்கழகம் எது என்று ஓட்டெடுப்பு வைத்தபோது, கார்னகி மெலன் மாணவர்களும் எம்ஐடி மாணவர்களும் போட்டி போட்டுக்கொண்டு ஓட்டுப் போடும் நிரல்களை எழுதினார்கள். இரண்டுக்கும் ஆளுக்கு 21,000க்கு மேல் ஓட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் ஆயிரத்துக்குக் கீழே. 'நான் மனிதன்தான்' என்று நிரூபிக்கச் சொல்லும் கேப்சா ஏன் தேவை என்பதற்கு உதாரணமாக அந்தக் கதையைத்தான் சொல்வார்கள். எங்கள் விஷயத்தில் கேப்சா வைத்திருந்தாலும் பயன் இல்லை, ஏனென்றால் உட்கார்ந்து தட்டியவர் மனிதர்தான். 2015இல் அமெரிக்க பேஸ்பால் நட்சத்திர ஆட்டத்துக்கான ஓட்டெடுப்பு முழுக்க இணையத்துக்கு மாறியது. ஒரு மின்னஞ்சலுக்கு 35 ஓட்டு வரை அனுமதி இருந்தும் 6 கோடிக்கு மேற்பட்ட ஓட்டுகளைச் செல்லாதவை என்று தள்ள வேண்டியிருந்தது. மின்னஞ்சல் முகவரி ஓர் ஆளுக்குச் சமம் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. ஒரே ஆள் பல முகமூடி போட்டுக்கொண்டு வருவதை சிபில் தாக்குதல் என்பார்கள், 2002இல் இருந்து அந்தப் பெயர். யார் யார் என்று உறுதி சொல்ல நடுவில் ஒருவர் இல்லாவிட்டால் இதை முழுசாகத் தடுக்க வழி இல்லை என்பதுதான் அந்தப் பெயரை வைத்த கட்டுரையின் சாரமே.

நாரைப் படத்துக்கு நெருக்கமான கதை வேறு. 2015இல் அறிவியல் புனைகதைகளுக்கான ஹியூகோ விருதில் ஒரு கூட்டம் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு பரிந்துரைச் சுற்றைப் பிடித்துக்கொண்டது. கட்டணம் கட்டி, விதிக்குள் நின்று, ஆளுக்கு ஒரு ஓட்டாகத்தான் போட்டார்கள். இறுதிச் சுற்றில் மற்ற வாக்காளர்கள் ஐந்து பிரிவுகளில் 'யாருக்கும் விருது இல்லை' என்று ஓட்டுப் போட்டுத் தள்ளினார்கள். அப்போதும் நடத்தியவர்கள் அந்த ஓட்டுகளைக் கழிக்கவில்லை. பரிந்துரைகளை எண்ணும் முறையைப் பொதுக்கூட்டத்தில் மாற்றி, அடுத்த வருடம் உறுதி செய்து, 2017இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். விதிக்குள் நின்று செய்ததற்குப் பதில் அடுத்த முறைக்கான விதிதான், பழைய ஓட்டுகளை அழிப்பது இல்லை. இதைச் சொன்னதும் எங்களுக்குள் சண்டை அடங்கியது.

முடிவு இதுதான். முதல் ஓட்டெடுப்பை முழுக்க ரத்து செய்வது. புது விதியுடன் முதலிலிருந்து நடத்துவது. நாரைப் படக்காரருக்கு இதை அறிவிப்புக்கு முன்பே சொல்வது, அவர் விதியை மீறவில்லை என்று அறிவிப்பிலேயே எழுதுவது. கள்ள ஓட்டு விழுந்தது என்பதையும் எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும் சொல்வது, ஆனால் எந்தப் படத்துக்கு, எந்த முகவரியிலிருந்து என்று சொல்லாமல் இருப்பது.

கடைசி விஷயத்தில்தான் உறுப்பினர்கள் அதிகம் கோபப்பட்டார்கள். எந்தப் படம் என்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும், அப்புறம் என்ன ரகசியம் என்றார்கள். எங்கள் பதில்: ஒருவருக்குச் சாதகமாகக் கள்ள ஓட்டு விழுந்தது என்பது அவர்தான் போட்டார் என்பதற்கு ஆதாரம் ஆகாது. ரசிகர் போட்டிருக்கலாம். அவரைத் தகுதிநீக்கம் செய்ய வைக்க எதிரிகூடப் போட்டிருக்கலாம். கள்ள ஓட்டு விழுந்த படத்தைத் தூக்கிவிடுவோம் என்று ஒரு விதி வைத்தால், அடுத்த வருடம் யார் வேண்டுமானாலும் தனக்குப் பிடிக்காத படத்தைத் தூக்க அரை மணி நேரம் செலவழித்தால் போதும்.

அந்த எட்டு எழுத்து முகவரிக்கு ஒரே ஒரு அஞ்சல் அனுப்பினோம். 'உங்கள் பெட்டிக்கு வரும் முகவரிகளில் பல ஓட்டுகள் பதிவாகியிருக்கின்றன. இது பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' குற்றச்சாட்டு எதுவும் இல்லை, ஏனென்றால் யாரும் யாருடைய முகவரியையும் அந்தக் கட்டத்தில் எழுதியிருக்க முடியும். ரத்து அறிவிப்பு வெளியான பிறகுதான் பதில் வந்தது. அவர் ஒரு உறுப்பினர்தான், படிக்கட்டுப் படம் எடுத்தவரிடம் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டவர். 'அவருக்கு எதுவும் தெரியாது. வெளியாளுங்க வந்து ஓட்டுப் போட்டு ஜெயிக்கிறதைப் பார்க்கப் பொறுக்கல. அவரைத் திட்டுறதை நிறுத்தச் சொல்லுங்க' என்று எழுதியிருந்தார். அந்த வருடத்துக்கு அவருக்கு ஓட்டுரிமை இல்லை என்று தனியாகத் தெரிவித்தோம், குழுவில் பெயர் சொல்லவில்லை. படிக்கட்டுப் படக்காரருக்கு எந்தத் தொடர்பும் இருப்பதாகத் தெரியவில்லை என்று மட்டும் குழுவில் எழுதினோம். திட்டியவர்களில் இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டார்கள். எண்ணிக்கையைப் படம் பிடித்துப் போட்டவர் கேட்கவில்லை.

மறு ஓட்டெடுப்பு

யார் ஓட்டுப் போடலாம்? முதல் அறிவிப்பு வெளியான நாளுக்கு முன் பட்டியலில் இருந்தவர்கள். இந்தத் தேதியை எதிர்காலத்தில் வைக்கவே கூடாது. வைத்தால் அதுவரை ஆள் சேர்ப்பு நடக்கும். ஆங்கில விக்கிப்பீடியாவில் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் குழுத் தேர்தலில் ஓட்டுப் போடக் குறிப்பிட்ட தேதிக்கு முன்பே கட்டுரைகளில் இத்தனை திருத்தங்கள் செய்திருக்க வேண்டும் என்று கேட்பதும் இதற்காகத்தான். நாங்கள் படம் போட்டிருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை, பார்த்துவிட்டுப் போகிறவர்களும் உறுப்பினர்கள்தான்.

கூகுள் கணக்கில் உள்நுழைந்து ஆளுக்கு ஒரு பதில் என்ற அமைப்பை வைத்தால் போதாதா என்று கேட்டார்கள். அது புள்ளி வித்தையைத் தடுக்கும், ஏனென்றால் கணக்கு ஒன்றுதான். ஆனால் ஒருவர் நான்கைந்து கணக்கு வைத்திருப்பது சகஜம், கணக்கே இல்லாத உறுப்பினர்களும் இருந்தார்கள். அதனால் ஒவ்வொரு உறுப்பினருக்கும் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றை அவர் பதிவு செய்த அஞ்சலுக்கே அனுப்பினோம், ஃபார்மில் பெயரும் மின்னஞ்சலும் எடுத்துவிட்டு அந்தக் குறியீட்டை மட்டும் கேட்டோம். ஒரே குறியீடு இரண்டு முறை வந்தால் கடைசியாக வந்தது செல்லும், மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். எண்ணிக்கை யாருக்கும் தெரியாது.

பெயருக்கும் குறியீட்டுக்குமான பட்டியல் ஒருவர் கையில். ஓட்டு விழும் ஷீட் இன்னொருவர் கையில். இரண்டும் ஒருவரிடம் இருந்தால் யார் யாருக்குப் போட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். முடிந்ததும் குறியீடும் அதன் எதிரே மூன்று படங்களும் கொண்ட முழுப் பட்டியலையும் பெயர் இல்லாமல் வெளியிட்டோம். இது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை, டெபியன் என்ற இலவச இயங்குதளத்தை உருவாக்கும் குழு தன் தலைவர் தேர்தலில் வாக்காளருக்கு மட்டும் புரியும் ஒரு குறியீட்டை எதிரே போட்டு ஓட்டுப் பட்டியலை வெளியிட்டு வந்திருக்கிறது. போட்டவர்கள் தங்கள் ஓட்டு சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம். அதைவிட முக்கியம், போடாதவர்களையும் பார்க்கச் சொன்னோம். குறியீட்டுப் பட்டியலை வைத்திருப்பவர் நினைத்தால் ஓட்டுப் போடாதவர்களின் குறியீட்டை எடுத்துத் தானே போட்டுவிட முடியும். அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்தவர்தான்.

நடைமுறையில் இடித்தது வேறு விஷயங்கள். இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும், ஆகவே 1,800 பேருக்கும் அனுப்பி முடிக்க நான்கு நாள் ஆனது. எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஃபார்மைத் திறந்தோம். நூற்றுக்கும் மேற்பட்ட அஞ்சல்கள் திரும்பி வந்தன, எல்லாம் கைவிடப்பட்ட பழைய முகவரிகள். இன்னும் பலருக்கு ஸ்பேமுக்குப் போனது. குறியீடு வரவில்லை என்று கேட்டவர்களுக்கு மறுபடி அனுப்புவதுதான் அந்த வாரம் முழுக்க வேலை. அதிலும் ஒரு கவனம் தேவைப்பட்டது: புது முகவரி கொடுத்து 'இதற்கு அனுப்புங்கள்' என்றவர்களுக்கு உடனே அனுப்பவில்லை, குழுவில் உள்ள அவர்கள் கணக்கிலிருந்து ஒரு செய்தி போடச் சொல்லி, பழைய குறியீட்டை ரத்து செய்துவிட்டுத்தான் புதியதை அனுப்பினோம்.

என்ன ஆனது

சுமார் 350 ஓட்டுகள் விழுந்தன. ஒன்பது செல்லவில்லை, எல்லாமே குறியீட்டில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ, ஒன்றுக்குப் பதில் ஐ என்று தட்டியவை. பட்டியல் வெளியானதும் இதில் ஒருவர்தான் தன் குறியீடு காணவில்லை என்று முதலில் சொன்னார், அதைத் தேடிப் போனபோதுதான் மற்ற எட்டும் தெரிந்தன. அந்த ஒன்பதைச் சேர்த்தாலும் 12 படங்கள் மாறவில்லை என்பதால் அப்படியே விட்டோம். போடாத ஓட்டு விழுந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

படிக்கட்டுப் படம் நான்காம் இடத்தில் வந்தது. கள்ள ஓட்டே தேவைப்படவில்லை. நாரைப் படம் 14ஆம் இடம், நாட்காட்டியில் வரவில்லை. அதை எடுத்தவர் முடிவை ஏற்றுக்கொண்டார், ஆனால் விதி தனக்காகத்தான் மாற்றப்பட்டது என்று எழுதினார், அதை மறுக்க எங்களிடம் நல்ல பதில் இல்லை. வெளியாட்கள் வராமலிருந்தால் அந்தத் தேதி விதி பிறந்திருக்காது. கொஞ்ச காலம் படம் போடாமல் இருந்துவிட்டு, இப்போது போடுகிறார்.

அடுத்த முறை மாறுபவை

குறியீட்டில் பூஜ்யம், ஒன்று, ஓ, ஐ, எல் இவை வராது. எண்ணிக்கையை முடியும்வரை காட்டுவதில்லை. யார் ஓட்டுப் போடலாம், லிங்க்கைப் பகிரலாமா, சந்தேகம் வந்தால் யார் எப்படி முடிவெடுப்பார்கள் என்பதை நடுவர்கள் 40 படங்களை அறிவிக்கும் முன்பே எழுதி ஒட்டிவிடுவோம், ஏனென்றால் எந்தப் படங்கள் என்று தெரிந்த பிறகு எழுதும் எந்த விதியும் யாரோ ஒருவருக்கு எதிராகத்தான் தெரியும். வெளியாட்களின் ஆசைக்குத் தனியாக ஒரு திறந்த ஓட்டெடுப்பு, அதன் முடிவு நாட்காட்டிக்குப் போகாது, அதில் எண்ணிக்கை காட்டினாலும் பரவாயில்லை.

உள்ளுக்குள்ளேயே 'எனக்குப் போடுங்க' என்று கேட்பதைத் தடை செய்யலாமா என்று ஒரு பேச்சு வந்தது, விட்டுவிட்டோம். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதைக் கண்காணிக்க முடியாது, தடை போட்டால் நேர்மையானவர்கள் மட்டும்தான் கேட்பதை நிறுத்துவார்கள்.

ஒரு சிக்கல் அப்படியே இருக்கிறது. குறியீட்டுப் பட்டியலை வெளியிட்டால் தன் ஓட்டைத் தானே சரிபார்க்கலாம், அதே நேரம் 'உனக்குத்தான் போட்டேன், இதோ என் குறியீடு' என்று இன்னொருவரிடம் காட்டவும் முடியும். காசு புழங்கும் தேர்தலில் ஓட்டு விற்பனைக்கு இது நேர் வழி. நாட்காட்டிக்கு ஓட்டை விலைக்கு வாங்க யாரும் வர மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு இருக்கட்டும் என்றோம். ஆனால் இதே குழு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கவும் இதே முறையைக் கேட்கிறது, அதற்கு இது சரி வராது என்பதுதான் என் கருத்து, மற்ற இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் ஓட்டெடுப்பின் ஷீட்டையும், பெயர்-குறியீட்டுப் பட்டியலையும் முடிவு வெளியான ஒரு மாதத்தில் அழித்துவிட்டோம். புகார் கொடுக்க அந்த ஒரு மாதம் அவகாசம் என்று முன்பே சொல்லியிருந்தோம். யாரும் கொடுக்கவில்லை.